தெக்-தெக்: ஆள் சேர்த்துக்கொண்டு போய் அள்ள வேண்டிய மட்டி

தெக்-தெக் எடுக்கத் தனியாகப் போகாதீர்கள். நாலு பேராவது வேண்டும், ஆறு பேர் என்றால் இன்னும் நல்லது. மொரீஷியஸ் மணற்கரையில் கிடைக்கிற இந்த மட்டி, பெரியதே இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர்தான் இருக்கும். உள்ளே இருக்கும் சதை சுண்டுவிரல் நகத்தளவு. ஒரு வாய்ச் சோற்றுக்கே ஏழெட்டு மட்டி போய்விடும். ஒருவராகக் குனிந்து அள்ளினால் காலை முழுக்க இடுப்பு ஒடிந்து, வீட்டுக்கு வரும்போது ஒரு கிண்ணம் தேறும். பத்துப் பன்னிரண்டு கைகள் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் ஒரு வேளை ரசத்துக்கு ஆகிவிடும். எடுப்பது, மண் போக்குவது, ஆய்வது, சமைப்பது என ஒவ்வொரு கட்டமும் பல கைகளைக் கேட்கிற வேலை.

நான் தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். கூட வருகிறவர்களில் பெரும்பாலானோர் அதே வேலையில் இருப்பவர்கள்: ரோஸ்-ஹில் ஊர் அக்கா, வாக்குவா ஊர்த் தம்பி, அவன் மனைவி, ஓய்வு பெற்ற எங்கள் சார். ராமநாதபுரத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்த ஒரு அண்ணனும் சேர்ந்துகொள்வார். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர், மட்டியைப் பார்த்ததும் நமக்குச் சொல்ல அவரிடம் நிறைய இருக்கும்.

முதலில் நாள் குறிப்பது. நம் தீவில் கடலின் ஏற்ற இறக்கம் அதிகமில்லை. பெரிய வற்றிலும் அரை மீட்டர் அளவுதான் நீர் இறங்கும். ஆனாலும் அந்த அரை மீட்டர் முக்கியம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் நன்றாக வற்றும், அதிலும் சரியாக அந்த நாளில் இல்லை, ஒன்றிரண்டு நாள் தள்ளி. இது நம் வீடுகளுக்கு வசதியாகப் போயிற்று. அமாவாசை அன்று பல வீட்டில் கவுச்சி கிடையாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ போனால் விரதமும் கெடாது, வற்றும் கிடைக்கும். சுவரில் மாட்டியிருக்கும் தமிழ் நாட்காட்டியில் நாளைப் பாருங்கள், எத்தனை மணிக்கு வற்றுகிறது என்பதைக் கைபேசியில் பாருங்கள். வற்று உச்சத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கரையில் நிற்க வேண்டும். தைப்பூசக் காவடிக்கான பத்து நாள் விரதத்திலும் புரட்டாசியில் கோவிந்தன் விரதத்திலும் நாங்கள் இந்தப் பக்கமே போவதில்லை. அந்த நாட்களில் மட்டிக்கும் ஓய்வு கிடைக்கட்டுமே.

மழைக்குப் பிறகு போகவே கூடாது. மட்டி தண்ணீரை உறிஞ்சி, அதிலிருக்கும் நுண்ணுயிரை வடிகட்டித் தின்று வாழ்வது. தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தால் அதையும்தான் உள்ளே வாங்கி வைத்திருக்கும். புயல் மழை பெய்து ஓடையும் ஆறும் பழுப்பாகக் கடலில் இறங்கினால் ஒரு வாரம் மறந்துவிடுங்கள். ஆற்று வாய், வடிகால் வாய், துறைமுகம், படகுகள் எண்ணெய் சிந்தும் இடம் எல்லாம் எந்தக் காலத்திலும் வேண்டாம். 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் புவாந்த்-தெஸ்னி அருகே பவளத்திட்டில் ஏறி, ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசிந்ததே, அப்போது தென்கிழக்குக் கரைக்காரர்கள் வலையை மடித்து வைக்க வேண்டியதாயிற்று. மணலுக்குள் இருக்கும் மட்டிக்கு ஓடிப் போக இடமில்லை, வருவதையெல்லாம் அது விழுங்கித்தான் ஆக வேண்டும். கடல் தண்ணீர் சிவப்பாகவோ பச்சை நுரையாகவோ நிறம் மாறியிருந்தால், மீன் செத்து ஒதுங்கியிருந்தால், அன்றைக்குச் சோற்றுக்குப் பருப்பு போதும். கடலில் இருக்கும் சில நுண்பாசிகளின் நஞ்சு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. அது ருசியிலும் தெரியாது, வாசனையிலும் தெரியாது.

எந்தக் கரை என்று கேட்பீர்கள். பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த மாதமே அங்கே கூட்டம் கூடி, சின்னது பெரியது பார்க்காமல் வாரிவிடுவார்கள். அடையாளம் மட்டும் சொல்கிறேன்: பாறையும் பவளத்துண்டும் இல்லாத நைசான மணல், மெல்லச் சரியும் கரை, சின்ன அலை வந்து வந்து போகும் இடம். சவுக்குத் தோப்புள்ள பொதுக் கடற்கரை பலவற்றில் இப்படிப்பட்ட ஒரு ஓரம் இருக்கும். புளூ-பே, பலக்லாவா இரண்டும் கடல் பூங்காக்கள், அங்கே கை வைக்கக் கூடாது. மற்ற இடங்களிலும் போகுமுன் பக்கத்திலிருக்கும் மீன்வளக் காவல் நிலையத்தில் எது எடுக்கலாம், எங்கே எடுக்கலாம் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தெற்கே கிரி-கிரி பக்கம் பவளத்தடுப்பு இல்லாமல் கடல் நேராக வந்து மோதும். அங்கே நின்று பார்க்கலாம், இறங்க வேண்டாம்.

கொண்டுபோக வேண்டியது கொஞ்சம்தான். வாக்குவா (தாழை) ஓலையில் முடைந்த கூடை ஒன்றிரண்டு, பழைய பருத்தித் துணி, துளை பெரிதாக உள்ள பிளாஸ்டிக் வடிகூடை, மூடியுள்ள ஐந்து லிட்டர் போத்தல்கள் மூன்று நான்கு. மண்வெட்டி, கரண்டி எதுவும் வேண்டாம். இரும்பு பட்டால் ஓடு நொறுங்கும், நொறுங்கிய ஒன்று கூடையில் கிடந்தால் மற்றதையும் நாற அடிக்கும். காலுக்கு அடி தடித்த ரப்பர் செருப்பு கட்டாயம். தண்ணீருக்குள் கல்லோடு கல்லாகக் கிடக்கும் லாஃப் மீனின் முள் குத்தினால் உயிர் போகிற வலி. குத்திவிட்டால் காலைத் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அமிழ்த்தியபடியே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அழகாக இருக்கிறதே என்று கூம்பு மாதிரி இருக்கும் சங்கையும் எடுக்காதீர்கள். அதற்குள் இருக்கும் பிராணி கொட்டும், சில வகை ஆளையே கொன்றுவிடும். கூட வரும் பிள்ளைகளுக்குக் கரையில் இறங்குமுன் இந்த இரண்டையும் படம் காட்டிச் சொல்லிவிடுவோம்.

இப்போது தோண்டுவது. தெக்-தெக் ஆழத்தில் இருப்பதில்லை. அலை ஏறி இறங்கும் அந்த ஈரப் பட்டையில், விரல் நீளத்துக்குள்தான் இருக்கும். அலை ஏறும்போது கூடவே ஏறும், இறங்கும்போது கூடவே இறங்கும். அதனால் நேற்று கிடைத்த இடம் என்று ஒன்று கிடையாது. நீர் எங்கே ஆடுகிறதோ அங்கே நீங்களும் நகர வேண்டும்.

அலை பின்வாங்கும் நொடியில் மணலைப் பாருங்கள். மேலே கண்ணாடி போல் ஒரு படலம் நீர் வழிந்து இறங்கும். அந்தப் படலத்தில் அங்கங்கே சின்னதாக வகிடு எடுத்தாற்போல் நீர் பிரிந்து ஓடினால் அதன் தலைமாட்டில் ஒரு மட்டி இருக்கிறது. சில சமயம் ஓடே வெளியில் தெரியும்: வெள்ளை, பால் நிறம், ஊதா வரி, காப்பி நிறக் கோடு என்று ஒன்று போல் ஒன்று இருக்காது. படுத்துக் கிடக்கும் ஓடு மெல்லத் திறந்து, வெளுத்த சதைப் பாதம் ஒன்று வெளியே நீளும். மணலுக்குள் ஊன்றும். ஓடு ஒரு வெட்டு வெட்டி நிமிரும். இன்னொரு இழுப்பு, பாதி உள்ளே. இன்னும் ஒன்று, அவ்வளவுதான், மணல் மூடிக்கொண்டது. எல்லாம் நீங்கள் குனிவதற்குள் முடிந்துவிடும். பிள்ளைகள் அள்ளுவதை விட்டுவிட்டு இதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். இருக்கட்டும், பார்க்க வேண்டியதுதான்.

இரண்டு பேர் காலால் கிளறுவது, இரண்டு பேர் கையால் அரிப்பது, ஒருவர் கூடை, ஒருவர் கடலைப் பார்த்து நிற்பது, இதுதான் எங்கள் முறை. கிளறுகிறவர்கள் ஈர மணலில் நின்று குதிகாலை இடமும் வலமும் திருப்ப வேண்டும். குழி விழும், அடுத்த அலை வந்து மேல் மணலைக் கழுவிக்கொண்டு போகும், மட்டி மேலே மிஞ்சும். கையால் எடுப்பவர்கள் விரலை விரித்து, மணலோடு சேர்த்து அள்ளாமல், விரலிடுக்கில் மணல் நழுவும்படி அரித்து எடுக்க வேண்டும். கடலைப் பார்த்து நிற்கும் ஆள் வெட்டியாக நிற்கிறார் என்று யாரும் நினைக்க வேண்டாம். குனிந்திருக்கும் அஞ்சு பேரின் முதுகுக்கும் அவர்தான் பொறுப்பு. பெரிய அலை எழும்போது அவர் "ஏறு!" என்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லோரும் ஏற வேண்டும். எங்கள் சார் இந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அள்ளியதை அங்கேயே வடிகூடையில் போட்டு நீருக்குள் ஆட்டுங்கள். பெருவிரல் நகத்தைவிடச் சின்னது எல்லாம் துளை வழியே விழுந்துவிட வேண்டும். விழாமல் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கையால் பொறுக்கி ஈர மணலிலேயே போடுங்கள், ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விடும். ஆளுக்கு இரண்டு கைப்பிடி சேர்ந்ததும் நிறுத்திவிடுவோம். இன்னும் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னாலும் ரோஸ்-ஹில் அக்கா கூடையின் வாயைத் துணியால் மூடிவிடுவார். பெரியதை எல்லாம் வாரிவிட்டால் முட்டை விடுவதற்கு எது இருக்கும்? அடுத்த அமாவாசைக்கு நாம் மட்டும் போகப்போவதில்லை, வேறு வீட்டுப் பிள்ளைகளும் போவார்கள்.

ஊருக்குக் கொண்டுவரும்போது வாளித் தண்ணீரில் போட்டு வராதீர்கள். மூடிய காரில் அந்தத் தண்ணீர் சுட்டுப்போய், காற்றில்லாமல் மட்டி செத்துவிடும். கூடையில் ஈரத்துணியை விரித்து, மட்டியைப் பரப்பி, மேலே இன்னொரு ஈரத்துணி. அவ்வளவே. கடல்நீரைத் தனியாகப் போத்தலில் பிடித்துக்கொள்ளுங்கள், அலை கலக்காத இடத்தில், தெளிந்த நீராக.

அடுத்தது மண் போக்குவது. இதில் அவசரப்பட்டவர்கள்தான் "தெக்-தெக் நறநறவென்று இருக்கிறது, எனக்குப் பிடிக்காது" என்பார்கள். மட்டியின் மேல் ஒட்டிய மணலைக் கழுவிவிடலாம். உள்ளே இருப்பதை அதுவே துப்ப வேண்டும், அதற்குப் பிழைத்துக் கிடக்க வேண்டும், நிம்மதியாக மூச்சு விட வேண்டும். குழாய்த் தண்ணீரில் போட்டால் உப்பில்லாமல் ஓட்டை இறுக்கி மூடிக்கொள்ளும், உள்ளிருக்கும் மணல் உள்ளேயே இருக்கும். கொண்டுவந்த கடல்நீர்தான் சிறந்தது. போதவில்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம் கல்லுப்பு, கடலில் இருப்பதும் ஏறக்குறைய அதுதான். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீர் என்றால் முதல் நாளே பிடித்துத் திறந்து வைத்துவிடுங்கள்.

அகலமான, ஆழமில்லாத தட்டு எடுங்கள். அதில் நாலு கிண்ணத்தைக் கவிழ்த்து, மேலே ஓட்டைத் தட்டையோ இடியாப்பத் தட்டையோ வைத்து, அதன்மேல் மட்டியை ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். துப்பிய மணல் ஓட்டை வழியே கீழே போய்விடும். தட்டின் அடியில் நேராகப் பரப்பினால் ஒன்று துப்பியதை இன்னொன்று உறிஞ்சும். நீர் மட்டிக்கு மேல் ஒரு விரல் உயரம் நின்றால் போதும். ரொம்ப நிறைய ஊற்றினால் அடியில் கிடப்பதற்குக் காற்று போதாது. மேலே துணி போட்டு இருட்டாக்கி, வீட்டிலேயே குளிர்ந்த மூலையில், தரையில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அந்தக் குளிரில் அது வாயே திறக்காது. பிப்ரவரி மாதம் கடலே 27, 28 டிகிரி சூட்டில் இருக்கும், அப்போது சமையலறைச் சூட்டில் நீர் சீக்கிரம் கெடும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆகஸ்டில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

அரை மணி கழித்துத் துணியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஓடு கொஞ்சமாகத் திறந்து, இரண்டு மெல்லிய குழல் வெளியே ஆடிக்கொண்டிருக்கும். ஒன்று உறிஞ்சுவது, ஒன்று துப்புவது. சிலது நீரைப் பீய்ச்சும், சுவரெல்லாம் ஈரமாகும், அதனால் பக்கத்தில் நோட்டுப் புத்தகம் வைக்காதீர்கள். நாலு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரம் விட்டால் போதும். காலையில் எடுத்ததை மாலையில் சமைப்பதுதான் எங்கள் வழக்கம். இடையில் மத்தியானத்துக்கு யாராவது வீட்டில் பருப்பும் முருங்கைக் கீரையும் வைத்திருப்பார்கள்.

பிறகு ஆய்வது. ராமநாதபுரத்து அண்ணன் இதில் விடாப்பிடி. ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றோடு ஒன்றைத் தட்டிப் பார்ப்பார். உயிரோடு இருப்பது கணீரென்று கல் மாதிரிச் சத்தம் கொடுக்கும். செத்ததும் சேறு அடைத்ததும் மந்தமாக ஒலிக்கும். "ஒரு சேத்து மட்டி போதும்மா, அண்டாக் குழம்பையும் கெடுத்துப்புடும்" என்பார். அவர் சொல்வது நிஜம். வாய் மூடிய வெற்று ஓட்டுக்குள் கறுப்புச் சேறு இருந்து அது பாத்திரத்தில் திறந்தால் மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான். வாய் திறந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள், மூடினால் வைத்துக்கொள்ளலாம், மூடாவிட்டால் எறிந்துவிடுங்கள். உடைந்தது, விரிசல் விட்டது எதுவும் வேண்டாம். கடைசியில் இரண்டு கையாலும் அள்ளி ஓடோடு ஓடு உரசும்படி நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, உடனே அடுப்புக்குக் கொண்டுபோங்கள்.

இந்தத் தீவில் எல்லா வீட்டிலும் தெக்-தெக் என்றால் பூயோன் வைப்பார்கள்: வெங்காயம், பூண்டு, இஞ்சி, தைம் இலை, தக்காளி போட்டுத் தெளிவாகக் கொதிக்கும் சாறு. எங்கள் வீட்டில் அதில் பாதி, ரசத்தில் பாதி. ஆறு பேருக்கு இரண்டு கிலோ மட்டி, ஒன்றரை லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வையுங்கள்.

முதலில் மட்டியைத் தனியாக வாய் திறக்க வைக்க வேண்டும். அகலமான தேக்சாவில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, கொதித்ததும் மட்டியைக் கொட்டி மூடுங்கள். தீ முழுதாக இருக்கட்டும். இரண்டு நிமிடம் கழித்து மூடியோடு சேர்த்துப் பிடித்து ஒரு குலுக்கு. பெரும்பாலும் திறந்திருக்கும். அதன் பிறகு மூன்று நிமிடம் கட்டாயம் கொதிக்க விடுங்கள். நாமே கரையில் அள்ளியது, கடையில் சோதித்து வந்ததில்லை, ஆகவே திறந்த உடனே இறக்கிவிடுவது சரியில்லை. அதற்குமேல் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று விட்டால் சதை ரப்பராகும். திறக்காமல் இருப்பதைக் குத்தித் திறக்காதீர்கள், எறியுங்கள்.

மட்டியை எடுத்துவிட்டால் பாத்திரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சாறு நிற்கும். எல்லா ருசியும் அதில்தான் இருக்கிறது. பாத்திரத்தை ஐந்து நிமிடம் ஆடாமல் வைத்து, பருத்தித் துணியை இரண்டாக மடித்து மெல்ல வடியுங்கள். அடியில் நிற்கும் கடைசி இரண்டு கரண்டியை விட்டுவிடுங்கள், அதில் மிச்ச மணல் இருக்கும்.

அம்மியில் மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, தோலோடு பத்துப் பல் பூண்டு, கட்டைவிரல் அளவு இஞ்சி, இரண்டு பச்சை மிளகாய் வைத்து ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். மைய அரைத்தால் சாறு கலங்கிவிடும். எண்ணெய் காய்ந்ததும் கடுகு, கறிவேப்பிலை, நறுக்கிய இரண்டு வெங்காயம், இரண்டு கொத்து தைம். வெங்காயம் கண்ணாடிப் பதம் வந்ததும் தட்டியதைப் போட்டு, பச்சை வாசனை போனதும் சின்ன பொம்-தமூர் தக்காளி ஆறு, கையால் பிசைந்து போடுங்கள். தக்காளி குழைந்து எண்ணெய் ஓரத்தில் நிற்க வேண்டும். அப்போது தண்ணீரும் வடித்த சாறும் சேர்த்து, கொட்டைப்பாக்கு அளவு புளியைக் கரைத்து ஊற்றி, பத்து நிமிடம் நிதானமாகக் கொதிக்கட்டும். உப்பு இதுவரை போடவில்லை, கவனியுங்கள். மட்டிச் சாற்றிலேயே கடல் உப்பு இருக்கிறது. நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் ஒரு சிட்டிகை. கடைசியில் மட்டியை ஓட்டோடு உள்ளே போட்டு, ஒரு கொதி வந்ததும் அணைத்து, கொத்தமல்லியும் வெங்காயத்தாளும் தூவி மூடிவிடுங்கள்.

வாக்குவா தம்பியின் மனைவிக்கு இது காரமில்லாத சமாச்சாரம். அவள் தன் பங்கில் கொஞ்சம் சதையை ஓட்டிலிருந்து உருவி, சின்ன வெங்காயம், மிளகாய்த்தூள், தேங்காய்த் துருவல் போட்டு இரும்புச் சட்டியில் சுருளப் பிரட்டுவாள். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அத்தனை சின்ன சதையை உருவ மூன்று பேர் உட்கார வேண்டும். பொறுமை இருந்தால் செய்யுங்கள்.

சோற்றை ஆழமான கிண்ணத்தில் போட்டு, சாற்றை நிறைய ஊற்றி, பக்கத்தில் தேங்காய்ச் சட்னி வையுங்கள். நடுவில் வெற்று ஓடு போட ஒரு பெரிய பாத்திரம். கரண்டி வேண்டாம், ஓட்டை உதட்டில் வைத்து உறிஞ்சுவதுதான் முறை. இறால், நண்டு சாப்பிட்டால் தடிப்பு வருகிறவர்கள் இதைத் தொட வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், கைக்குழந்தைகள் எல்லோருக்கும் அன்று வேறு சமையல் வைத்துவிடுங்கள்.

மிஞ்சினால் மட்டியை எல்லாம் ஓட்டிலிருந்து எடுத்து, சாற்றோடு ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ஒரே ஒருமுறை நன்றாகக் கொதிக்க வைத்து முடித்துவிடுங்கள். மூன்றாம் நாளுக்குக் கொண்டுபோகாதீர்கள். வெற்று ஓட்டைக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காய வைத்து, உலக்கையால் இடித்து முருங்கை மரத்தடியிலோ எலுமிச்சைக்கோ போடலாம், சுண்ணாம்புச் சத்து. கழுவாமல் போட்டால் எறும்பும் ஈயும் ஒரு வாரம் வீட்டை விட்டுப் போகாது.